ஈத்தைக்குள் குடியிருப்பு

அக்டோபர் 17, வெள்ளி. ஒரகடம்

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் மழை விடவில்லை. ரூமுக்குப் பின்னால் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் நிலம் முழுக்கத் தண்ணீர். தவளைச் சத்தம் காதை அடைக்கிறது. இவற்றுக்கு ஒரு மழைக்குட்டை போதும், முட்டையும் தலைப்பிரட்டையும் அதிலேயே. குட்டையைத் தூர்த்தால் அடுத்த பள்ளத்துக்குப் போகலாம். எங்கள் மலைத் தவளைக்கு அந்த வழி இல்லை.

அக்டோபர் 18, சனி

களக்காடு–முண்டந்துறைக் காட்டில் ஆய்வாளர் கே.எஸ்.சேஷாத்ரியும் உடனிருந்தவர்களும் செய்த ஆய்வை மறுபடி படித்தேன். ராவோர்செஸ்டஸ் சலாசோடஸ் என்ற பச்சைத் தவளை. 1876இல் விலங்கியலாளர் குந்தர் அதை விவரித்தார். நூறாண்டுக்கும் மேல் கழித்து மேல்கோதையாறில் மீண்டும் கண்டதாக 2011இல் அறிவித்தார்கள். அறிவியலின் கண்ணில்தான் அது படவில்லை. அந்த மலையில் வாழும் காணிமக்கள் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

ஓடைக்கரையில் வளரும் ஈத்தை என்ற மெல்லிய மூங்கிலில் இரு கணுக்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம்தான் அதன் வீடு. வாசல் சில மில்லிமீட்டர் கீறல். உடம்பை ஒடுக்கி உள்ளே போகிறது. பெண் ஐந்து முதல் எட்டு முட்டை வரை இட்டுவிட்டுப் போய்விடும். காவல் அப்பன்தான். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வருகிறது. தவளைகளில் அதுவரை பதிவாகாத முறை இது. அப்பனை அகற்றிப் பார்த்தபோது முட்டைகள் தப்புவது அரிதாயிற்று. அதே இனத்து வேறு ஆண்களே வந்து தின்றன.

அந்த வீடும் அந்தக் காவலும் இருந்தால்தான் அடுத்த தலைமுறை. ஈத்தையை வெட்டிவிட்டால் வரைபடத்தில் காடு பச்சையாகவே இருக்கும், தவளைக்குத்தான் இடம் இருக்காது.

அக்டோபர் 19, ஞாயிறு

அம்பையிலிருந்து அம்மா போனில் பேசினாள். "ஈத்தைக்குள்ள தவளையா? கூடைக்கும் பந்தலுக்கும் அதத்தானய்யா வெட்டுனோம்" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நமக்குத் தெரியலையே ராசா" என்றாள். அவள் தேயிலைக் கொழுந்து எடுத்த கக்காச்சிச் சரிவும் ஒருகாலத்தில் காடுதான். நான் பிறந்த லயக் குடியிருப்பும் அங்கேதான். அந்தச் சரிவை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. அது காடாகத் திரும்பவேண்டும் என்பதும் என் மனமார்ந்த ஆசை.

அக்டோபர் 23, வியாழன்

கேன்டீனில் அந்தத் தவளையின் படத்தைக் காட்டினேன். "இத்தினியூண்டு தவளைக்கா ப்ரோ?" என்றான் உடன் வேலைசெய்யும் அரியலூர்க்காரன். உலகில் நீர்நில வாழ்விகளில் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023 மதிப்பீடு சொல்வதைச் சொன்னேன். அப்பன் காவல் இருக்கும் கதையைச் சொன்னபோதுதான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

அக்டோபர் 25, சனி

வனத்துறைக்கு மனு எழுதினேன். கக்காச்சியும் சேர்ந்த மாஞ்சோலை எஸ்டேட்டின் 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. தேயிலை இருந்த இடத்தில் மரக்கன்று நட்டால் மட்டும் போதாது. ஓடையோர ஈத்தைப் புதர்களை முதலில் கணக்கெடுக்க வேண்டும். பாதை திருத்தும்போது கீறல் விழுந்த ஈத்தையை வெட்டக்கூடாது. புதர் அற்றுப்போன ஓடைகளில் ஈத்தையையே நடவேண்டும். எந்த ஓடையில் எவ்வளவு இருந்தது என்பது கொழுந்து எடுத்தவர்களுக்குத் தெரியும், அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று கடைசியில் சேர்த்தேன். அம்மாவின் பெயரையும் எழுதியிருக்கிறேன்.