நின்றபடி ஒரு பிழைப்பு

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடை, மூன்றாம் மாடி, சேலைப் பிரிவு. வீட்டுப் பெண்கள் சேலை பார்க்கிறார்கள். எனக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி கிடைத்தது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவளுக்கு இருபது வயதிருக்கும். சீருடைச் சேலை. கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயரைவிட எண் பெரிதாக இருக்கிறது. "என்ன ரேஞ்சுல பாக்கீங்கக்கா?" திருநெல்வேலிப் பேச்சு, ஊர் மணம் மாறாமல்.

எடுக்கிறாள், உதறி விரிக்கிறாள், முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்டுகிறாள். இதே டிசைனில் பச்சை கேட்கிறார்கள். பச்சை வந்ததும் பார்டர் சின்னதாக வேண்டுமாம். மேசையில் சேலை மலையாகக் குவிந்த பிறகு, "வேற கடையும் பாத்துட்டு வர்றோம்" என்று ஒரு குடும்பம் எழுந்து போகிறது. அவள் முகம் கோணவில்லை. மடிக்கத் தொடங்குகிறாள்: பார்டரோடு பார்டர் சேர்த்து, முந்தானை மேலே தெரிய, விலைச்சீட்டு வெளியே நிற்க. விற்ற சேலைக்குத்தான் அவள் எண் பில்லில் ஏறும், சில ரூபாய் கமிஷனும் அதற்குத்தான். மடித்ததற்குக் கணக்கில்லை.

என் கண் அவள் கால்களுக்குப் போகிறது. இடது குதிகாலைத் தூக்கி வலது கெண்டையில் தேய்க்கிறாள். சற்று நேரத்தில் கால் மாறுகிறது. அலமாரி விளிம்பில் இடுப்பைச் சாய்த்தவள், சூப்பர்வைசர் திரும்பியதும் நிமிர்ந்துவிடுகிறாள். அவருக்கும் காலையிலிருந்து நிற்பதுதான் வேலை. கூரையிலிருக்கும் கேமரா இருவரையும் பார்க்கிறது.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவி பி. விஜியோடு சேர்ந்து வருடக்கணக்கில் போராடியதால், 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடும் 2021இல் தன் 1947ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. ஊழியர் எல்லாருக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம். நல்ல சட்டம். இந்த மாடியிலும் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. அதன்மேல் பிரிக்காத சேலைக்கட்டு. கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார எவ்வளவு நேரமாகும்? ஆனால் சம்பளம், சாப்பாடு, தங்கும் இடம் மூன்றும் ஒரே முதலாளி கையில் இருக்கும்போது, முதலில் உட்காரத் துணிபவள் யார்? அந்தப் பயத்தைப் போக்கும் வேலையைச் சட்டம் இன்னும் முடிக்கவில்லை.

கூட்டம் சற்றுக் குறைகிறது. பக்கத்துக் கவுண்டர்காரி மெல்லக் கேட்கிறாள்:

"டிக்கெட் போட்டியாடி?"

"தீவாளிக்கு முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் விடுவாங்களாம். எந்த பஸ்ஸுக்குப் போட?"

"கிளாம்பாக்கம் போயிருவோம். நின்னுக்கிட்டாவது போலாம்."