கப்பலேறி வந்த பேச்சு

லண்டனுக்குப் போகிறவர்கள் அரண்மனையையும் ‘பிக் பென்’ மணிக்கூண்டையும் பார்த்த கையோடு, தேம்ஸ் நதியில் படகேறிக் கிரீனிச்சுக்கும் போய் வர வேண்டும். அங்கே ‘கட்டி சார்க்’ என்ற பழைய பாய்மரக் கப்பல் கம்பீரமாக நிற்கிறது. 1869-ல் கட்டப்பட்டு, சீனாவிலிருந்து தேயிலை சுமந்து வந்த கப்பல் அது. 1954-ல் கரையேறியது. 2007-ல் தீக்கிரையாகி, பழுது பார்க்கப்பட்டு, 2012-ல் மறுபடி திறக்கப்பட்டது.

கப்பலுக்கும் ஆங்கிலம் பேசுவதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது!

இலக்கணம் கரைத்துக் குடித்த நம்மவர், லண்டனில் ஆபீஸ் வேலையைச் சமாளித்து விடுகிறார். மாலையில் நாலு சிநேகிதர்கள் கூடும்போதுதான் சங்கடம். எல்லோரும் சிரிக்கிறார்கள், இவர் ஒரு கணம் தாமதித்து, ஒப்புக்குச் சிரிக்கிறார். ‘பைப்’ தெரியும், ‘டவுன்’ தெரியும். ‘பைப் டவுன்’ என்றால்? குழாய் கீழே விழுந்து விட்டதா?

இல்லை. இரவில் கப்பலில் ஊதல் ஒலித்தால், மாலுமிகள் பேச்சை நிறுத்திப் படுக்கப் போக வேண்டும். அதுதான் ‘பைப் டவுன்’. இன்று, “கத்தாதேடா, அப்பா!” என்பதற்குச் சமம். பெரியவர்களிடம் சொல்லி விடாதீர்கள்!

கப்பலின் மேல்தளத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். எங்கும் கயிறு! மொத்தம் 11 மைல் நீளம். எந்தக் கயிறு எந்தப் பாய்க்கு என்று அறிந்தவனே மாலுமி. ஆகவே, புதியவன் தொழில் பழகுவது ‘லேர்னிங் த ரோப்ஸ்’. பாயை அடக்கும் கயிற்றுக்கு ‘ஷீட்’ என்று பெயர். அது அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். மூக்குமுட்டக் குடித்தவனை ‘த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்’ என்பது அதனால்தான். காற்று திடீரென்று முன்புறமிருந்து பாயில் மோதினால், கப்பல் திகைத்து நின்று விடும். எதிர்பாராத சேதி கேட்டு வாயடைத்துப் போனவனும் அப்படித்தான்: ‘டேக்கன் அபாக்’!

வெறுமனே உருப்போட்டால் மறுநாளே மறந்து போகும். காட்சியோடு பிடித்துக் கொண்டால் மறக்காது. ‘கம்பி நீட்டி விட்டான்’ என்று நாம் சொன்னால், வெள்ளைக்காரரும் கம்பியைத்தானே தேடுவார்?

இன்னொரு விசேஷம். தேம்ஸில் ஓடும் இரட்டை அடிப்பாகப் படகுகளுக்குக் ‘கேட்டமரான்’ என்று பெயர். நம் கட்டுமரம்தான் அது! நம்மிடம் வார்த்தை கடன் வாங்கியவர்களிடம் கேட்பதற்கு நமக்கு ஏன் கூச்சம்? புரியாதபோது ஒப்புக்குச் சிரிக்காமல், “அது எப்படி வந்தது?” என்று கேளுங்கள். வார்த்தையும் கிடைக்கும், சிநேகிதரும் நெருங்கி வருவார்.