48 பேரில் 3 பேரைக் காணோம்! – ஊட்டி இந்து நகரில் ஒரு நெகட்டிவ் வேட்டை

ஊட்டியிலிருந்து பைக்காராவுக்குக் கிளம்பும் சுற்றுலா வேன்கள் ஃபிங்கர் போஸ்ட்டைத் தாண்டியதும் வேகமெடுக்கும். தலைகுந்தா வருவதற்கு முன்னால் இந்து நகர் என்று ஒரு நிறுத்தம் வரும். யாரும் இறங்குவதில்லை. போட்டிங் இல்லை, டீ ஃபேக்டரி இல்லை, சாக்லேட் கடையும் இல்லை. இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு காலத்தில் இந்தியாவின் கறுப்பு வெள்ளை ஞாபகங்களில் பெரும்பங்கு இங்கேதான் தயாரானது. 1960-ல் மத்திய அரசு தொடங்கிய 'ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்' நிறுவனத்தின் தொழிற்சாலை, பிரான்ஸ் நாட்டின் 'பொஷே' நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. கேமரா ரோல், எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம், போட்டோ பேப்பர் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'இந்து'. மதமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. இந்து என்றால் நிலா. வெள்ளி உப்பில் விழும் வெளிச்சம்தான் போட்டோ என்பதால் நிலாவின் பெயர் பொருத்தம்தான். ஊரின் பெயரும் அப்படியே இந்து நகர் ஆகிவிட்டது.

ஏன் 2,240 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்? தூசி குறைந்த காற்று, குளிர். ஃபிலிம் என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் ஜெலட்டினையும் வெள்ளி உப்பையும் கலந்து பூசியது. பூசும்போது ஒரு தூசி விழுந்தால்கூட அது யாரோ ஒரு மணப்பெண்ணின் கன்னத்தில் புள்ளியாக வந்து நிற்கும். வெளிச்சம் படவே கூடாது என்பதால் பூச்சுப் பிரிவில் கும்மிருட்டிலேயே வேலை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த ஆலையை நம்பியிருந்தன. 1990-களில் நோயுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு மீளவே இல்லை. 2014-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன் பிறகு எஞ்சியது பெயரும் கட்டடங்களும்தான்.

இந்து நகரை ஒட்டிய சரிவில், தகரக் கூரை போட்ட ஒரு வீடு. அங்கே வசிப்பவர் ஆலைத் தொழிலாளி இல்லை. ஆனால், ஆலைக்காரர்களின் கல்யாணம், காதுகுத்து, பணி ஓய்வு விழா என எல்லாவற்றையும் படம் எடுத்தவர். கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து இளம் வயதில் மலையேறி வந்து ஸ்டூடியோ வைத்தார். இப்போது 78 வயது. ஸ்டூடியோ இல்லை. கட்டிலுக்கு அடியில் 11 பிஸ்கட் டின்கள் மட்டும் இருக்கின்றன.

"முப்பது டின்னுக்கு மேல இருந்துச்சுங்க. கடையைக் காலி பண்றப்ப வெள்ளி எடுக்கிறவங்க வந்து கிலோ கணக்குல எடை போட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்கிறார். பழைய ஸ்டூடியோக்கள் பலவற்றின் நெகட்டிவ்கள் இப்படித்தான் வெள்ளிக்காக உருக்கப்பட்டன. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்குகிறது.

மிச்சமிருக்கும் 11 டின்களுக்கும் நேரம் குறைவு. மூடியைத் திறந்தால் வினிகர் நெடி மூக்கில் ஏறுகிறது. ஃபிலிம் பட்டையான அசிட்டேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். அந்த ஆவி பக்கத்து நெகட்டிவையும் கெடுக்கும். பட்டை சுருங்கி, சுருண்டு, மேல் பூச்சு பாளம் பாளமாக உரியும். ஊட்டியின் ஈரத்துக்கு ஜெலட்டினில் பூஞ்சை வேறு. தூசியில்லாமல் ஃபிலிம் செய்ய வசதியான குளிர்தான், ஆனால் அதைப் பத்திரப்படுத்த இந்த ஈரம் எதிரி.

இந்த வேலையைக் கையில் எடுத்திருப்பது மகள் வயிற்றுப் பேத்தி. கோவையில் கல்லூரி மாணவி. விடுமுறைக்கு வந்தவரிடம் நண்பரிடம் இரவல் வாங்கிய 24 மெகாபிக்ஸல் கேமராவும் ஒரு மேக்ரோ லென்ஸும் இருந்தன. ஸ்கேனர் வாங்கக் காசில்லை. தேவையும் இல்லை என்று தாத்தாதான் வழி சொன்னார்.

பரணில் துருப்பிடித்துக் கிடந்த என்லார்ஜரை இறக்கினார்கள். விளக்கு வைத்த தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு, அந்தத் தூணில் கேமராவைத் தலைகீழாகப் பார்க்கும்படி பொருத்தினார்கள். கீழே, படம் வரையும் பிள்ளைகள் வாங்குகிற எல்.இ.டி பலகை. அதற்கு இரண்டு அங்குலம் மேலே நெகட்டிவ். பலகையிலேயே நேராக வைத்தால் அதன் புள்ளிகளும் கீறல்களும் படத்தில் தெரியும், இடைவெளி விட்டால் அவை மங்கிவிடும். மலிவான பலகை கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும் என்பதால் ஷட்டரை மெதுவாக வைக்க வேண்டும். கை படாமல் இருக்க 2 நொடி டைமர்.

கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க தாத்தா ஷேவிங் கண்ணாடியைக் கேட்டார். நெகட்டிவ் இருக்கும் இடத்தில் கண்ணாடியை வைத்து கேமரா வழியே பார்த்தால் லென்ஸே தெரியும். அது திரையின் நட்டநடுவில் தெரிந்தால் கேமராவும் நெகட்டிவும் இணையாக இருக்கின்றன. விலகியிருந்தால் ஒரு மூலை மட்டும் ஃபோகஸ் ஆகாது. இதைச் செய்ய செலவே இல்லை!

முதல் டின்னில் 35 மி.மீ படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு க்ளிக். பிறகு கணினியில் கறுப்பை வெள்ளையாகப் புரட்டிவிட்டால் முடிந்தது. வேலை ஜரூராக நடந்தது.

சிக்கல் நான்காவது டின்னில் ஆரம்பித்தது. அந்த வாரம் கேத்தி பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். அப்பா ஆலையின் பூச்சுப் பிரிவில் இருந்தவர். இவருக்கு நாலு வயது இருக்கும்போது இறந்துபோனார். வீட்டிலிருந்த படங்கள் 2009 நவம்பர் மழையில், சுவர் இடிந்தபோது சேற்றோடு போயின.

"ஷிஃப்ட்ல எல்லாரும் சேர்ந்து நின்ன குரூப் போட்டோ ஒண்ணு இருந்துச்சுன்னு அம்மா சொல்லுவாங்கய்யா. நீங்கதான் எடுத்தீங்களாம்."

"உக்காருங்கம்மா. இருந்தா நாலாவது டின்னுலதான் இருக்கும்."

இருந்தது. யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்த சதுர நெகட்டிவ். 56 மி.மீ-க்கு 56 மி.மீ. அதற்குள் மூன்று வரிசையில் 48 பேர். ஒரு முகத்தின் உயரம் ஒன்றரை மி.மீ, கிட்டத்தட்ட ஒரு கடுகு அளவு. எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை.

ஒரே க்ளிக்கில் எடுத்தால் சதுரத்தின் ஒரு பக்கத்துக்கு 4,000 பிக்ஸல்தான் கிடைக்கும். ஒரு முகத்துக்கு நூறு பிக்ஸல். பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் கரைந்துபோகும். அதனால் நெகட்டிவைத் துண்டு துண்டாக நெருங்கி எடுத்து, கணினியில் ஒட்டவைக்க முடிவு செய்தார் பேத்தி. லென்ஸை அசல் அளவுக்கு நெருக்கினால் ஒரு க்ளிக்கில் 24-க்கு 36 மி.மீ மட்டுமே விழும். மூன்று பத்தி, இரண்டு வரிசை, மொத்தம் ஆறு படங்கள். ஒட்டி முடித்தால் பக்கத்துக்கு 9,300 பிக்ஸல், முகத்துக்கு 250.

கேமரா அசையக் கூடாது, நெகட்டிவைத்தான் நகர்த்த வேண்டும். வெளிச்சம், ஃபோகஸ், ஐ.எஸ்.ஓ, கலர் எல்லாம் ஆறு படத்துக்கும் ஒரே அளவில், மேனுவலில். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு நிறத்தில் வந்து தையல் பளிச்செனத் தெரியும்.

ஒட்டுவதற்கு 'ஹகின்' என்ற இலவச மென்பொருள். இரண்டு துண்டுகளிலும் பொதுவாக இருக்கும் புள்ளிகளை அதுவே தேடிப் பொருத்தும். ஐந்து துண்டுகள் ஒட்டின. ஒன்று மறுத்தது. பேத்தியே மவுஸால் புள்ளிகளை வைத்து ஒட்டவைத்தார். தையல் தெரியவே இல்லை. பிரமாதமாக வந்துவிட்டது என்று தாத்தாவிடம் காட்டினார்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை. தலைகளை எண்ணினார். குரூப் போட்டோ எடுக்கிறவர்களுக்கு அது பழக்கம்.

"நாப்பத்தஞ்சு பேருதான் இருக்காங்க கண்ணு."

"சரியா எண்ணுங்க அப்பச்சி."

"மூணு தடவை எண்ணிட்டேன். வரிசைக்கு ஒருத்தரைக் காணோம்."

லென்ஸ் வைத்து நெகட்டிவில் எண்ணினால் 48. கணினியில் 45. நடந்தது இதுதான். நெகட்டிவை நகர்த்தும்போது கை வழுக்கி, இரண்டு துண்டுகளுக்கும் பொதுவாக 8 மி.மீ இருக்க வேண்டிய இடத்தில் 4 மி.மீ-கூட இல்லை. பேத்தி புள்ளி வைத்தது சட்டைப் பைகளின் மேல். ஒருவரின் பை என்று நினைத்து அடுத்தவரின் பையில் வைத்துவிட்டார். வெள்ளைச் சட்டைகள் வெள்ளைச் சட்டைகளோடு ஒட்டிக்கொண்டன. மூன்று வரிசையிலும் ஆளுக்கு ஒருவர் காணாமல் போனார். மென்பொருள் ஒரு பிழையும் சொல்லவில்லை.

அந்த மூவரும் யாருக்கோ அப்பா. தேடி வந்த பெண்மணியின் அப்பா அவர்களில் ஒருவராக இருந்திருந்தால், 'படத்தில் அவர் இல்லையே' என்று திரும்பிப் போயிருப்பார். அன்றிரவு பேத்தி சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

மறுநாள் மீண்டும் ஆரம்பித்தார்கள். இந்த முறை ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பலகையில் ஒட்டி, அதன் விளிம்போடு நெகட்டிவ் 11 மி.மீ, 11 மி.மீ-யாக நகரும்படி செய்தார்கள். ஆறுக்குப் பதில் எட்டுத் துண்டுகள். நெகட்டிவ் இல்லாமல் வெறும் பலகையையும் ஒரு படம் எடுத்து, ஓரங்களில் விழும் இருட்டைச் சமன்செய்தார்கள். புள்ளிகளைச் சட்டையில் வைக்காமல் பூஞ்சைப் புள்ளிகளிலும் கீறல்களிலும் வைத்தார் பேத்தி. சட்டைகள் ஒன்றுபோல இருக்கும், கீறல்கள் அப்படி இருப்பதில்லை. இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த கீறலும் பூஞ்சையும் கடைசியில் உதவிக்கு வந்தது வேடிக்கைதான்.

தாத்தா எண்ணினார். 48.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பிக்ஸலைக் கூட்டினால் எல்லாம் தெளிந்துவிடாது. இரண்டாவது வரிசையில் ஒருவர் க்ளிக் செய்யும் நேரத்தில் தலையைத் திருப்பியிருக்கிறார். அவர் எத்தனை துண்டாக எடுத்தாலும் மங்கல்தான். நெகட்டிவில் இருப்பதைத்தான் எடுக்க முடியும்.

வீட்டில் பழைய நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் முதலில் மொபைலிலேயே பார்த்துவிடலாம். டேப்லெட்டிலோ லேப்டாப்பிலோ வெள்ளைத் திரையை வைத்து, கொஞ்சம் மேலே நெகட்டிவைப் பிடித்துப் படம் எடுத்து, எடிட்டிங் ஆப்பில் நிறத்தைப் புரட்டினால் யார் எவர் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப்புக்கு அது போதும், பிரின்ட்டுக்குப் போதாது. ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், மினுமினுப்பில்லாத பக்கத்தைத் தொடவே கூடாது. வினிகர் நெடி அடிப்பவற்றைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் கவர்களைத் தூக்கிப்போட்டுவிட்டு சாதாரண பேப்பர் கவரில் போடலாம். 1950-களுக்கு முந்தைய ஃபிலிம் என்றால் எச்சரிக்கை தேவை. அது எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டாக இருக்கலாம், விளக்குச் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கேத்திப் பெண்மணி தன் அம்மாவையும் அழைத்து வந்தார். லேப்டாப் திரையில் படத்தைப் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினார் பேத்தி. மகளுக்கு முகம் நினைவில்லை. அம்மாதான் மூன்றாவது வரிசையில், ஓரத்திலிருந்து நான்காவது ஆளிடம் "நிறுத்து சாமி" என்றார். அவர் அந்த மூவரில் ஒருவர் இல்லை. முதல் படத்திலும் இருந்தவர்தான்.

பேத்தி அந்த முகத்தைத் தனியாக வெட்டித் தரட்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். எல்லோரோடும் நிற்கிற மாதிரியே வேண்டுமாம்.

திங்கள்கிழமை காலை பேத்திக்குக் கோவை பஸ். இன்னும் ஏழு டின்கள் பாக்கி. கேமரா நண்பருக்குத் திரும்பிப் போகிறது, என்லார்ஜர் தூண் மேஜையிலேயே நிற்கிறது. தீபாவளி லீவுக்கு வருவதற்குள் ஒவ்வொரு டின்னிலும் எத்தனை நெகட்டிவ், எத்தனை தலை என்று எண்ணி நோட்டில் எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார் தாத்தா.