கங்கைகொண்ட சோழபுரம்: ராஜேந்திரன் சொன்னதும் சொல்லாததும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் போகும் வழியில் சிமென்ட் லாரிகளுக்குக் குறைவில்லை. ஜெயங்கொண்டம் வந்ததுமே சோழர்களின் விளம்பரம் தொடங்கிவிடுகிறது. 'வெற்றி கொண்டவன்' என்ற அரச விருதுதான் ஊரின் பெயர். சுமார் 10 கி.மீ. தள்ளி இருக்கும் ஊருக்கோ இன்னும் நீளமான பெயர், கங்கைகொண்ட சோழபுரம். கண்டக்டர் அதைச் சத்தமாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும், ஆயிரம் ஆண்டு பழைய போர்ச்செய்தி ஒன்று மறுஒலிபரப்பாகிறது!

தந்தை ராஜராஜனுக்குப் பின் 1014-ல் முழு அதிகாரத்துக்கு வந்த முதலாம் ராஜேந்திரன், 1025 வாக்கில் தஞ்சையை விட்டு இங்கே புதுத் தலைநகர் அமைத்தான். அவன் கட்டிய கோயில் விமானம் சுமார் 180 அடி. தஞ்சைப் பெரிய கோயில் 216 அடி. "அப்பா மேல் இருந்த மரியாதை" என்று காரணம் சொல்வார்கள். சான்று எதுவும் கிடையாது, கேட்க நன்றாக இருக்கிறது.

கருவறைக்குப் போகும் வடக்கு வாசல் படிகளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பார்வதியோடு அமர்ந்த சிவன், பணிந்திருக்கும் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். தமிழகத்தின் மிக அழகான சிற்பங்களில் ஒன்று இது. சண்டேசர் வடிவில் ராஜேந்திரனுக்கே இறைவன் முடிசூட்டுகிறார் என்று கலை வரலாற்றாளர்கள் பலர் இதற்குப் பொருள் சொல்கிறார்கள். கடவுளே பட்டம் கட்டிவிட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்பது?

அந்தக் காலத்துக்குப் பேப்பர், டி.வி. எல்லாம் மெய்க்கீர்த்திதான். மன்னனின் வெற்றிகளை வரிசையாகப் பாடும் இந்த முன்னுரையைக் கல்வெட்டுகளின் தலைப்பில் வைக்கும் வழக்கத்தை உறுதியாக்கியவன் ராஜராஜன். மகன் காலத்தில் புது வெற்றி வர வர வரிகள் கூடின. இதன் சாமர்த்தியம் என்னவென்றால், ஒருவர் கோயில் விளக்குக்குக் கொஞ்சம் நிலம் எழுதி வைத்தாலும், அந்தக் கல்வெட்டின் மேலே ராஜாவின் வெற்றிப் பட்டியல் வந்து உட்கார்ந்துகொள்ளும். தன் தானம் கல்லில் நிற்க வேண்டும் என்று நினைத்தவர், ராஜாவின் செய்தியையும் சேர்த்தே சுமந்தார்.

ராஜேந்திரனை இன்றைய அர்த்தத்தில் சர்வாதிகாரி என்று சொல்ல முடியாது. ஊர், சபை, நாட்டார் என்று உள்ளூர் அமைப்புகள் வலுவாகவே இருந்தன. அவர்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளத்தான் இத்தனை பிரசாரம் தேவைப்பட்டது என்றும் தோன்றுகிறது.

கங்கைப் படையெடுப்பையே பாருங்கள். சோழப் படை வங்கம் வரை போய்ப் பாலர் மன்னன் மகிபாலனை வென்றது. அங்கே சோழர் ஆட்சி நிலைக்கவில்லை. வந்து சேர்ந்தது கங்கை நீர். அதற்காக வெட்டிய ஏரிதான் சோழகங்கம், இன்றைய பொன்னேரி. நீராலான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதை வர்ணிக்கிறது. இலங்கையிலும் இதே கதை. பாண்டியர்கள் அங்கே ஒளித்து வைத்திருந்த மணிமுடியை ராஜராஜனால் கைப்பற்ற முடியவில்லை. ராஜேந்திரன் அதை எடுத்து வந்ததோடு, இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனையும் சிறைப்பிடித்தான். மகிந்தன் கடைசிவரை ஊர் திரும்பாமல் இங்கேயே இறந்தான். சோழர்கள் விகாரைகளை உடைத்துக் கொள்ளையடித்ததை இலங்கையின் மகாவம்ச வரலாறு கோபத்தோடு பதிவு செய்திருக்கிறது. நம் கல்வெட்டுகளில் அந்தக் கோபத்துக்கு இடமில்லை.

1025-ன் கடாரப் படையெடுப்பு இன்னும் சுவாரசியம். ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தையே கொடுத்தான். அந்தத் தானத்தை உறுதி செய்து செப்பேடு வெளியிட்டவன் ராஜேந்திரன். அவனேதான் பின்னால் கப்பல்களை அனுப்பி ஸ்ரீவிஜயத் துறைமுகங்களைச் சூறையாடினான். நட்பு ஏன் முறிந்தது? எந்தெந்த ஊர்கள் வீழ்ந்தன என்று மெய்க்கீர்த்தி அடுக்குகிறது, காரணத்தைச் சொல்லவில்லை. சீனா போகும் கடல்வழி வணிகத்தில் இருந்த போட்டி என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

1015, 1033, 1077 ஆண்டுகளில் சோழத் தூதர்கள் சீன அரசவைக்குப் போனார்கள். ஆனால் கடாரம் வீழ்ந்து 80 ஆண்டுகள் கழித்தும், சோழ நாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியது என்றே சீன அதிகாரிகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவிஜயத்தினர் பரப்பிய தகவல் அங்கே எடுபட்டிருக்கலாம். கல்லில் வெட்டிய செய்திக்குக் கடல் தாண்டிச் செல்வாக்கில்லை!

தோல்வியை எப்படி எழுதுவது என்பதற்கு அவன் மகன்கள் காலத்தில் நல்ல உதாரணம் உண்டு. 1054-ல் கொப்பம் போரில் யானை மேலேயே ராஜாதிராஜன் கொல்லப்பட்டான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டான். சோழக் கல்வெட்டுகளுக்கு அது வெற்றிப் போர். இறந்த அண்ணன், 'ஆனைமேல் துஞ்சின தேவர்' ஆனான்.

கோயிலைப் பார்த்துவிட்டு மாளிகைமேட்டுக்கும் போக வேண்டும். அரண்மனை இருந்த இடம். தொல்லியல் துறை தோண்டியதில் செங்கல் சுவர்களின் அடிப்பகுதியும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. கோயிலின் வெளி மதில் கற்களோ, 1836-ல் ஆங்கிலேயர்கள் கொள்ளிடத்தில் கட்டிய அணைக்கரைக்குப் போய்விட்டன. ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை.

ராஜேந்திரன் புகழுக்கு இன்றும் அரசியலில் நல்ல கிராக்கி. அவன் பிறந்த ஆடித் திருவாதிரையைத் தமிழக அரசு அரசு விழாவாகக் கொண்டாடுகிறது. 2025 ஜூலை 27 அன்று பிரதமர் மோடி இங்கே வந்து அவன் பெயரில் நினைவு நாணயம் வெளியிட்டார். ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் பிரமாண்ட சிலைகள் வரும் என்றும் அறிவித்தார். இரு தரப்பு மேடைகளிலும் கடாரம் வரும், மகிந்தன் வருவது அபூர்வம்.

திரும்பும்போது நேரமிருந்தால் பெரம்பலூரைத் தாண்டி, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய ரஞ்சன்குடி கோட்டைக்கு ஓர் எட்டு போய் வரலாம். இங்கே காட்சி தலைகீழ். சோழர் கப்பல் போன கடலிலேயே ஐரோப்பியக் கப்பல்கள் வந்து, யார் ஆற்காட்டு நவாப் என்று முடிவு செய்யத் தொடங்கியிருந்தன. 1751-ல் பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிப் பக்கமும் ஆங்கிலேயர்கள் முகமது அலி பக்கமும் நின்று இந்த வாலிகண்டபுரம் வட்டாரத்தில் மோதினார்கள். கோட்டைக்காரரோ, ஜெயிப்பது யார் என்று தெரியும்வரை இரு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் இழுத்தடித்துப் பார்த்தார். அகழி, அடுக்கடுக்கான மதில்கள், மேலே ஏறினால் சுற்றிலும் வயல்வெளி என்று பிள்ளைகளுக்கு இந்தக் கோட்டை ரொம்பப் பிடிக்கும். நிழல் குறைவு. வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது.