இடது கை

பாரதியாரின் குயில் தோப்பு இருக்கிறதே, அந்தக் கருவடிக்குப்பத்தில்தான் என் ஜாகை. இப்போது குயிலைவிட மோட்டார்ச் சத்தந்தான் அதிகம். எங்கள் தெருவில் ஓர் இளைஞர், பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைக்கிறார். மாதச் சம்பளம் கிடையாது. படத்துக்கு இவ்வளவு என்று கூலி. கதாநாயகி வாசலில் காத்து நிற்பதாக நான் எழுதிய கதைக்கு, அவர் வெறும் வாசலையும் ஒரு ஜோடிச் செருப்பையும் போட்டுவிட்டார். எனக்குக் கோபந்தான். ஆனால் நான் இரண்டு பக்கம் திணறியது அந்தச் செருப்பில் இருந்தது!

போன வாரம், மணிக்கட்டு வலியென்று மனம் தளர்ந்து வந்தார். "வேறு வேலை தேடலாமா, ஸார்?" என்றார். நான் கோபுலுவைப் பற்றிச் சொன்னேன். 1924-ல் தஞ்சாவூரில் பிறந்த கோபாலன் அவர். கோபுலு என்பது மாலி வைத்த பெயர். 'தில்லானா மோகனாம்பா'ளை நம் கண்முன் நிறுத்தியவர், 1963-ல் விகடன் உத்தியோகத்தை விட்டு விளம்பரச் சித்திரங்களுக்குப் போனார். பின்னாளில் பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரையப் பழகினார்.

இளைஞர் பதில் பேசவில்லை. என் பேனாவை இடது கையில் வாங்கி, எதிரே நின்ற தென்னையைப் போட்டார். முருங்கை மாதிரி கோணிக்கொண்டு வந்தது.

"இன்னொரு காகிதம் இருக்கிறதா, ஸார்?" என்றார்.