ஒரு டன் லாட்

2 லட்சம் ரூபாய் கைக்கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை என்று ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் விவசாயி மீது புரோநோட்டு வழக்கு. "ஒரு பைசா கையில வாங்கலைங்க சார். ஆன்லைன் மஞ்சள்ல நட்டமுன்னு எழுதி வாங்கிட்டாங்க" என்றார்.

2023 மே மாதம் குடோனில் 3 டன் விரலி மஞ்சள் வைத்திருந்தார். விலை சரியுமோ என்ற பயத்தில் இருந்தவரிடம், குவிண்டால் 7,500க்கு ஆகஸ்ட் வாயிதாவில் விற்றுவைக்கச் சொன்னார் ஒரு தரகர். யோசனையில் தப்பில்லை. விலை இறங்கினால் சரக்கில் போவது வாயிதாவில் வரும். ஏறினால் வாயிதாவில் போவது சரக்கில் வரும். ஆனால், வாயிதா நட்டத்தை அன்றன்றைக்கு ரொக்கமாகக் கட்டவேண்டும். சரக்கின் லாபமோ மூட்டைக்குள்ளேயே கிடக்கும். பணமுடையில் இவர் மூட்டைகளை முதலில் விற்றுவிட்டார், வாயிதாவை முடிக்கவில்லை. அதன்பின் அது காப்பு அல்ல, சூதாட்டம். ஆகஸ்டில் விலை 15,000ஐத் தாண்டியது.

புரோநோட்டில் கையெழுத்து இருந்தால் பணம் கைமாறியதாகவே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118வது பிரிவு அனுமானிக்கும். அதை உடைக்க எங்களிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டுதான்: "ஆகஸ்ட் மஞ்சள் 3 லாட் விற்பு. வித்தியாசம் 8,000. முன்பணம் 40,000 கழிவு."

குறுக்கு விசாரணையில் வாதியான தரகரிடம் சீட்டைக் காட்டினேன். தன் எழுத்துதான் என்று ஒப்புக்கொண்டார்.

"ஒரு லாட் எத்தனை டன்?"

"ஒரு டன்."

3 டன் என்றால் 30 குவிண்டால். குவிண்டாலுக்கு 8,000 வீதம் வித்தியாசம் 2,40,000, முன்பணம் போக மிச்சம் 2 லட்சம். நோட்டுத் தொகை அணா பைசா சுத்தமாக ஒத்துப்போனது. ஆனால், அங்கீகரிக்கப்பட்ட வாயிதாச் சந்தையான என்சிடிஇஎக்ஸில் மஞ்சள் லாட் 5 டன். ஒரு டன் லாட் அங்கே கிடையாது. காண்ட்ராக்ட் நோட்டு, வர்த்தக எண், வாடிக்கையாளர் குறியீடு எதையும் அவரால் காட்ட முடியவில்லை. ஆர்டர் சந்தைக்குப் போகவே இல்லை. சந்தை விலையைப் பார்த்து இருவரும் கட்டிய பந்தயம் அது. ஊரில் டப்பா டிரேடிங் என்பார்கள்.

வாயிதா எல்லாமே வித்தியாசத்துக்குக் கணக்குத் தீர்ப்பதுதானே, இது மட்டும் எப்படிப் பந்தயம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிட்டார். நல்ல கேள்விதான். அங்கீகரிக்கப்பட்ட சந்தையில், அதன் விதிப்படி நடந்த ஒப்பந்தத்துக்குப் பத்திர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18ஏ பிரிவு காப்பு தருகிறது. வெளியே நடந்ததற்கு அது இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 30வது பிரிவுப்படி பந்தயப் பணத்துக்கு வழக்கே போட முடியாது.

முன்சீப் கோர்ட்டில் தாவா தள்ளுபடியானது. "அப்ப என் நாப்பதாயிரம் வருமுங்களா?" என்று கேட்டார் கட்சிக்காரர். பந்தயத்துக்காகக் கொடுத்துவைத்த பணத்துக்கும் அதே 30வது பிரிவுதான் தடை என்றேன். அந்தப் பணம் வரவில்லை. வாதியும் அப்பீல் போகவில்லை.