தாமிரபரணிக்கு விட வேண்டிய வழி

பொதிகை மலையில் பூங்குளத்தில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை தாமிரபரணிக்கு ஓட வேண்டிய தூரம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டிலேயே. காவிரி விஷயத்தில் செய்வதைப்போல அடுத்த மாநிலத்தைக் கைகாட்ட இங்கே இடமில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தின் கணக்கையும் நெல்லையும் தூத்துக்குடியும்தான் பார்த்தாக வேண்டும்.

அன்று டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது, தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் காணும் சராசரி மழையைவிட அதிகம்.

ஆற்றோடு மேலிருந்தே வருவோம். காரையாறு என்று ஊரார் சொல்லும் பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. ஐப்பசி பிறந்துவிட்டால் நாளிதழில் அணை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்திக்குப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட தலைமுறைக்கு, அணை திறப்பு என்ற சொல்லே போதும், வயிறு கலங்கும். ஆனால் 2023-ல் கெடுத்தது அணைத் தண்ணீர் மட்டுமல்ல. அணைகளுக்குக் கீழே, சமவெளியில் பெய்த மழையே பெரும்பங்கு. அதைப் பிடித்து வைக்க எந்த அணைக்கும் வழி கிடையாது. அதைத் தாங்க வேண்டியவை குளங்கள். மலையில் இருக்கும் அணையின் மட்டம் எல்லோருக்கும் மனப்பாடம்; வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தின் மட்டத்தைக் கேட்டால் சொல்ல ஆளில்லை.

பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். தண்ணீரைத் தேக்குவது இவற்றின் வேலையல்ல; மட்டத்தை உயர்த்திக் கால்வாயில் திருப்பிவிடுவதுதான். கால்வாய் குளத்தை நிரப்பும். குளம் நிரம்பினால் உபரி நீர் கலுங்கு வழியே மறுகால் பாயும். மறுகால் தண்ணீர் ஓடையில் இறங்கி அடுத்த குளத்துக்குப் போகும், கடைசிக் குளத்து மிச்சம் ஆற்றுக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைய வைத்த ஏற்பாடு இது. வெள்ளத்தைப் பங்கு போட்டுத் தணிக்கும் ஏற்பாடும் இதுவேதான். கலுங்கு அடைபட்டாலோ, மறுகால் ஓடை மனையாகிப் போனாலோ, தண்ணீர் கரைமேல் ஏறிவிடும். மேல்குளம் உடைந்தால் அதன் மொத்த நீரும் கீழ்க்குளத்தின் தலையில் விழும். அந்த டிசம்பரில் உடைந்த கரைகளில் பலவும் இப்படி உடைந்தவை.

கன்னடியன் கால்வாயிலிருந்து இன்னொரு வழியும் வெட்டப்பட்டிருக்கிறது. தாமிரபரணியின் உபரியைக் கருமேனியாறு, நம்பியாறு வரை கொண்டு போய்ச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலத்துக்குத் தரும் வெள்ளநீர்க் கால்வாய். நீளம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். 2009-ல் தொடங்கிய வேலை, 2025 பிப்ரவரியில்தான் முறையாகத் திறப்பு விழா கண்டது. நல்ல திட்டம். ஆனாலும் அதில் போகக்கூடியது சில ஆயிரம் கனஅடிதான். ஆறு கரைபுரண்டு வரும் நாளில் இந்தக் கால்வாய் ஒன்றை நம்பி மற்ற ஓடைகளை மறந்துவிட முடியாது.

சேரன்மகாதேவி, சுத்தமல்லி தாண்டித் திருநெல்வேலி. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆற்றுக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வரும் திசையில் மதில் படகின் முகப்பைப்போலக் கூர்ந்து நிற்கிறது. மோதும் நீர் இரண்டாகப் பிரிந்து விலகிவிடும். ஆறு பெருகுகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் பூசைப் பொருள்களையும் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூசை தொடங்கும். கோயில் முழுகுவது இங்கே பழகிப்போன ஒன்று. அதற்கு முன்கூட்டியே ஒரு முறை வைத்திருக்கிறார்கள்.

எதிர்க்கரையில் கொஞ்ச தூரம் கீழே வந்தால் கொக்கிரகுளம். அங்கே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. மீட்புப் பணியை நடத்த வேண்டிய அலுவலகம் தன் வாசலையே மீட்க வேண்டியதாயிற்று. ஜங்ஷனும் சிந்துபூந்துறையும் வண்ணார்பேட்டையும் தண்ணீரில் நின்றன. 1843-ல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் மட்டும் வழக்கம்போல வெள்ளத்தைத் தன் வளைவுகளுக்குள் அனுப்பிவிட்டு நின்றது. நகரத்தில் நீர் வடிய சில நாள் போதுமாக இருந்தது.

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலந்தபின் ஆறு தூத்துக்குடி மாவட்டத்துக்குள் நுழைகிறது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் 17-ஆம் தேதி இரவு நிறுத்தப்பட்டது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போயிருந்தன. ஏறத்தாழ 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர், மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. அரசின் உதவி வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டிலும் வெள்ளம்தான். கோயில் கொடைக்கு ஊருக்கே சமைத்துப் பழகிய கை என்பதால் அண்டாவுக்கும் ஆளுக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. பல ஊர்களுக்கு முதலில் போனதும் கடலோரத்து மீனவர்களின் படகுகள்தான். லாரியில் ஏற்றிவந்து வயல்வெளியில் இறக்கினார்கள்.

அந்த ரயில் பாதை ஜனவரி முதல் வாரத்துக்குள் சரியாகிவிட்டது. கீழே போகப் போக மீட்சிக்கு நாள் கூடியது. ஏரலில் பாலத்தை ஒட்டிய சாலையை ஆறு அடித்துக்கொண்டு போனது. கடைகளில் பொங்கலுக்காக வாங்கி அடுக்கிய சரக்கு சேறானது. பிசான நெல் நட்ட வயல்களில் மணல் மேடிட்டது. நாற்று கிடைத்தவர்கள் மறுநடவு செய்தார்கள். வாழைக்காரர்களுக்கு அதுவும் முடியவில்லை.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலை நின்று பார்த்தால் கணக்கு விளங்கும். 2023-ல்தான் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. முதலில் அகத்தி விதைத்து, அது தலைநிமிர்ந்தபின் கொடியை நட்டு, அகத்தியில் ஏற்றிக் கட்டி, நிழலும் ஈரமும் அளவாகக் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் முதல் கிள்ளு. தண்ணீர் சில நாள் தேங்கி நின்றாலே வேர் அழுகிவிடும். அதன்பின் அகத்தி விதையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

நிவாரணம் வரவில்லை என்று சொல்ல முடியாது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000. ஆனால் பயிருக்கான பணம், அடங்கல் என்ற பயிர்க் கணக்கு ஏட்டில் இருக்கும் பெயரைத் தேடிப் போகும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து நகையை அடகு வைத்துப் பயிரிட்டவனுக்கு அந்த ஏட்டில் பெயர் இருக்காது. நிலத்துக்காரருக்கு நட்டம் இல்லை, பணம் உண்டு, இவனுக்கு நேர்மாறு.

ஆறு புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. பாண்டியரின் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. இந்த ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் காரணம். தன் வழியைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆற்றின் கரையில் இருக்கும் நமக்கு, அடுத்த வெள்ளம் வருமா என்ற கேள்விக்கே இடமில்லை.

செய்ய வேண்டியதும் பெரிய ரகசியமல்ல. ஒவ்வொரு குளத்தின் கலுங்கும் மறுகால் ஓடையும் எந்தச் சர்வே எண்ணில் போகின்றன, எவ்வளவு அகலம் என்று ஊராட்சிச் சுவரில் எழுதி வைக்கலாம். புரட்டாசி முடிவதற்குள் கிராமசபை அந்த ஓடையை நடந்து பார்க்கலாம். மழை நாளில் கரைக்குக் காவல் போடலாம். முன்பு நீர்ப்பாய்ச்சி செய்த வேலை அது, இன்று அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். குத்தகைக்காரன் பெயரைப் பயிர்க் கணக்கில் ஏற்றுவதற்குச் செலவு ஒரு பேனாதான். வெள்ளத்துக்குப் பின் கோடிகளில் எழுதும் கணக்கோடு வைத்துப் பார்த்தால், இவை எல்லாம் சேர்ந்தும் சில்லறைக் காசு.